20 கேஜ் பம்புக்கு எந்த பக்‌ஷாட்?

மெஸ்கீட்மரம்

வணக்கம். துப்பாக்கி 20 கேஜ் பம்ப் ஷாட்கன் (கேஜ்னா குழல் அளவு, எண் கூடினா குழல் சின்னது; பம்ப்னா கையால முன்பின் இழுத்துத் தோட்டா ஏத்தற வகை), குழல் 18.5 அங்குலம், சோக் (குழல் வாயைக் குறுக்கற அமைப்பு) கிடையாது, வெறும் சிலிண்டர். குழல்ல 2¾ & 3 அங்குலம்னு தோட்டா நீளம் பொறிச்சிருக்கு. எடை 6 பவுண்டுக்குக் கொஞ்சம் கூட. வீட்டுப் பாதுகாப்புக்கு மட்டும்தான், வேட்டை இல்ல. இடம் டெக்சாஸ், ஒற்றை மாடி வீடு, உள்சுவர் எல்லாம் ட்ரைவால் (ஜிப்சம் பலகை). வீட்டுக்குள்ள கிடைக்கிற அதிகபட்ச நேர்கோடு, படுக்கையறைக் கதவுல இருந்து முன்வாசல் வரை 34 அடி.

கடையில 12 கேஜுக்கு ஒரு அலமாரி நிறைய இருக்கு. 20-க்கு நாலே பெட்டிதான்: பக்‌ஷாட்ல (பெரிய ஈய உருண்டை போட்ட தோட்டா; நம்பர் கூடினா உருண்டை சின்னது) 2¾-ல நம்பர் 3, 3 அங்குலத்துல நம்பர் 3, 3 அங்குலத்துல நம்பர் 2, அப்புறம் பறவை ரவை. மூணு கேள்வி. 00 (நம்பர் 1-ஐ விடப் பெரிய உருண்டை) ஏன் 20-ல கண்ணுல படுறதே இல்ல? 3 அங்குலம் வாங்கினா கூடுதல் பலனா? பறவை ரவையே போதும், சுவரைத் துளைக்காதுன்னு கடையில சொல்றாங்க, சரியா?

ஈயக்கணக்கு

முதல் கேள்விக்கு விடை வடிவக்கணக்கில் இருக்கிறது. 20 கேஜ் குழலின் உள்விட்டம் 0.615 அங்குலம், 12-க்கு 0.729. மூன்று உருண்டைகளை ஒன்றையொன்று தொடும்படி வைத்து, சுற்றி ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம் ஓர் உருண்டையைப் போல 2.155 மடங்கு. வீட்டில் மூன்று கோலிக்குண்டும் ஒரு டம்ளரும் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம்.

00 உருண்டை 0.33 அங்குலம். மூன்று சேர்ந்தால் 0.711. 12 கேஜில் அடுக்குக்கு மூன்றாகக் கச்சிதமாக உட்காரும். 9 உருண்டைத் தோட்டா என்றால் மூன்று அடுக்கு. 20-ல் மூன்று வேண்டாம், இரண்டே 0.66 ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் படுக்கவே இடமில்லை. கோணல்மாணலாக ஏற்றி அடைக்கலாம், ஆனால் எண்ணிக்கை சரிந்துவிடும்.

நம்பர் 1 என்பது 0.30. இரண்டு வைத்தால் 0.60, உருண்டைகளைச் சுற்றிப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு இடம் மிஞ்சாது. உருண்டை நேராகக் குழல் இரும்பில் தேய்ந்து போகும், ஓரம் சப்பையாகும், சப்பையானது விலகிப் பறக்கும்.

நம்பர் 2 என்றால் 0.27, மூன்று சேர்ந்து 0.582. இறுக்கம், ஆனால் அடங்கும். நம்பர் 3 என்றால் 0.25, மூன்று சேர்ந்து 0.539. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஆயிரத்தில் 38 பங்கு அங்குலம் மிஞ்சும். கிண்ணத்தின் சுவருக்கு அதுவே சரி. பெட்டிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 3 அங்குலத்தில் நம்பர் 3 என்றால் 24, நம்பர் 2 என்றால் 18. இரண்டுமே மூன்றால் வகுபடும். 2¾-ல் நம்பர் 3 மட்டும் 20, கடைசி அடுக்கு ஒன்று குறை. ஆகவே கடையில் நீங்கள் பார்த்த பெட்டிகள் தற்செயல் அல்ல. அந்தக் குழலுக்குப் பொருந்துவது அவைதான்.

பம்ப்புராணம்

ஊர்ல எல்.ஜி., எஸ்.ஜி.ன்னு கேட்டுப் பழகினவங்களுக்கு ஒரு குறிப்பு. நம்ம ஊர் 12 போர் (12 கேஜ்) தோட்டா பிரிட்டிஷ் கணக்கு. எல்.ஜி. 0.36, அமெரிக்கக் கணக்குல 000. எஸ்.ஜி. 0.33, அது 00. ஸ்பெஷல் எஸ்.ஜி. நம்பர் 1-க்கு ஈடு, எஸ்.எஸ்.ஜி. ஏறக்குறைய நம்பர் 2. பேப்பர்ல "பால்ரஸ் குண்டு"ன்னு போடுறாங்களே, அது எந்த அளவையும் குறிக்காது. நாட்டுத் துப்பாக்கியில கையில அகப்பட்ட உருண்டையை எல்லாம் அப்படித்தான் எழுதுவாங்க.

மெஸ்கீட்மரம்

கோலிக்குண்டு விளக்கம் பிரமாதம். அப்போ 20 கேஜ் 12-ஐ விட ரொம்பப் பலவீனமா?

ஈயக்கணக்கு

மொத்த ஈயம் என்று பார்த்தால் இல்லை. நம்பர் 3 உருண்டை ஒன்று 23.4 கிரெய்ன். இருபது சேர்ந்தால் 468 கிரெய்ன், ஓர் அவுன்சுக்குச் சற்று மேல். 12 கேஜ் 00 உருண்டை 53.8 கிரெய்ன், ஒன்பது சேர்ந்தால் 484. எட்டு உருண்டைத் தோட்டா என்றால் 430 தான். தராசில் 20 கேஜ் சளைத்ததில்லை.

வித்தியாசம் ஒற்றை உருண்டையில். ஈய உருண்டை எவ்வளவு ஆழம் போகும் என்பது, தோராயமாக, அதன் விட்டத்தையும் வேகத்தையும் பெருக்கியது போல நடக்கும். ஒரே வேகத்தில் நம்பர் 3-இன் ஆழம் 00-இன் முக்கால் பங்கு. எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் அளவுகோல், 10 சதவீத ஜெலட்டினில் (உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பொருள்) 12 முதல் 18 அங்குலம். 00 அதைச் சிரமமில்லாமல் தாண்டும். நம்பர் 1 வரை நிச்சயம். நம்பர் 3 எல்லைக்கோட்டின் மேல் நடக்கிறது: அறைத் தூரத்தில் சில உருண்டை 12-ஐத் தாண்டும், சில முன்பே நிற்கும். தடித்த உடை குறுக்கே வந்தால் இன்னும் குறையும். நம்பர் 4 (0.24) அதற்கும் ஒரு படி கீழே. அதனால் 20 கேஜில் நம்பர் 3-க்குக் கீழே இறங்காதீர்கள்.

இப்போது இரண்டாம் கேள்வி. 3 அங்குலத்தில் நம்பர் 3 வாங்கினால் 20-க்குப் பதில் 24 உருண்டை. உருண்டை அதேதான். பெட்டியில் வேகத்தைப் பாருங்கள், 2¾-ல் 1,200 அடி/நொடி என்றும் 3 அங்குலத்தில் 1,150 என்றும் இருக்கும். நான்கு உருண்டை கூடுதல், ஆழம் துளியும் கூடவில்லை. 3 அங்குல நம்பர் 2-க்கும் பெருக்கிப் பாருங்கள். பெட்டியில் 1,100 என்று போட்டிருந்தால் 0.27 × 1,100 = 297. நம்பர் 3, 1,200-ல்: 0.25 × 1,200 = 300. உருண்டை பெரிது, வேகம் குறைவு, ஆழம் ஏறக்குறைய சமம். நம்பர் 2 கூடுதல் வேகத்தில் கிடைத்தால் மட்டும் அது யோசிக்கத் தக்கது.

இந்த வேகம் எல்லாம் நீளமான சோதனைக் குழலில் அளந்தது. 18.5 அங்குலத்தில் இன்னும் கொஞ்சம் குறையும், எல்லாத் தோட்டாவுக்கும்.

தோட்டாப்பெட்டி

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். 20 கேஜ் எடுக்கிறவங்க எல்லாம் சொல்ற காரணம் "உதை கம்மி". அதை யாரும் தொடலையே?

ஈயக்கணக்கு

தொடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. உதை துப்பாக்கியின் எடையைப் பொறுத்தது. 6 பவுண்டு 20 கேஜ் பம்பில் 2¾ நம்பர் 3 முழு வேகத் தோட்டா போட்டால், திருப்பி உதைக்கும் ஆற்றல் சுமார் 25 அடி-பவுண்டு. 7¼ பவுண்டு 12 கேஜில், 1,145 வேகத்தில் குறை-உதைத் தோட்டா, 9 உருண்டை 00 போட்டால் சுமார் 21. எட்டு உருண்டை என்றால் 18-ஐ ஒட்டி. வெடிமருந்து, வாட் (மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவே உள்ள அடைப்பு) எடையை ஊகித்துப் போட்ட கணக்கு, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம், வரிசை மாறாது.

அதாவது, இலேசான 20 கேஜில் சாதாரண பக்‌ஷாட், கனமான 12 கேஜில் குறை-உதைத் தோட்டாவை விட அதிகமாக உதைக்கும். 3 அங்குல 24 உருண்டை போட்டால் 32-ஐத் தொடும். "பொம்பளைங்களுக்கு 20 கேஜ்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டு விற்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

தோட்டாப்பெட்டி

ஒத்துக்கறேன், ஆனா பாதிதான். கணக்கு கேஸ் செமி-ஆட்டோவுக்கு (வெடிவாயுவால தானே அடுத்த தோட்டாவை ஏத்தற வகை) பொருந்தாது. அதுல உதை அதே ஆற்றல்தான், ஆனா நேரத்துல இழுபட்டு வர்றதால தோளுக்கு அடி மாதிரி இல்லாம தள்ளு மாதிரி இருக்கும். அப்புறம் தண்டின் (தோள்ல வைக்கிற பின்பகுதி) நீளம். சிறுவர் மாடல் 20 கேஜ்ல தண்டு 13 அங்குலம் அளவுல இருக்கும், பெரியவங்களுக்கானதுல 14-ஐ ஒட்டி. கை எட்டாத தண்டை எட்டிப் பிடிச்சு, உடம்பைப் பின்னால சாய்ச்சு சுட்டா, குறை-உதைத் தோட்டாவும் வலிக்கும். சின்ன உடம்புக்காரங்க 20 கேஜ்ல சுகமா சுடறதுக்கு நிஜக் காரணம் பல நேரம் தண்டு, தோட்டா இல்ல. ஆறு பவுண்டை ரெண்டு நிமிஷம் தாங்கிப் பிடிக்கிறதும் ஏழேகாலைத் தாங்கிப் பிடிக்கிறதும் ஒண்ணில்ல, அதையும் எடை போடுங்க.

மெஸ்கீட்மரம், உங்க கையில இருக்கறது 20. அதை மாத்த வேண்டிய அவசியம் எதுவும் இல்ல. 2¾ நம்பர் 3 வாங்குங்க. தண்டு அடியில ஒரு நல்ல ரப்பர் மெத்தை போடுங்க.

மெஸ்கீட்மரம்

சரி, 3 அங்குலத்தை விட்டாச்சு. பறவை ரவை?

பம்ப்புராணம்

நம்பர் 8 ரவை 0.09 அங்குலம். ஜெலட்டின்ல 4-ல இருந்து 6 அங்குலம் போய் நின்னுடும். வர்றவன் தடியா ஒரு ஜாக்கெட் போட்டிருந்தா அதுவும் போகாது. அது புறாவுக்கு.

சுவர் சமாச்சாரத்துல பெரிய ஏமாத்து நடக்குது. உள்சுவர்னா என்ன? அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவுல மரச்சட்டம், மறுபடி அரை அங்குலப் பலகை. நாலஞ்சு அடியில இருந்து சுட்டா பறவை ரவை கூடப் பிரியாம கட்டியா போய் அந்தச் சுவரைத் துளைச்சிடும். பக்‌ஷாட் ஒரு சுவர் இல்ல, வரிசையா பல பலகையைத் தாண்டும். ஆளை நிறுத்தற அளவுக்கு ஆழம் போற எதுவும் ட்ரைவாலை மதிக்காது. "ஆளை நிறுத்தும், சுவருல நிக்கும்"னு ஒரு தோட்டா கிடையவே கிடையாது.

அதனால சுவருக்காகத் தோட்டா தேடாதீங்க, வீட்டைத் தேடுங்க. ஒரு தாள்ல வீட்டு வரைபடம் போட்டு, எந்த இடத்துல நின்னு எந்தப் பக்கம் சுட்டா பின்னால என்ன இருக்குன்னு கோடு போடுங்க. உங்க 34 அடிக் கோட்டின் முடிவுல முன்கதவு, அதுக்கு அப்பால தெரு. கதவு தகரமா, மரமா, கண்ணாடியா? செங்கல் முகப்பு எந்தப் பக்கம்? பிள்ளைங்க அறை எந்தக் கோட்டுல வருது? சில கோட்டுல சுடவே கூடாதுன்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கணும்.

துவக்கு_ஸ்காபரோ

நான் கனடாவில இருந்து எழுதுறன். இஞ்ச வீட்டுப் பாதுகாப்பெண்டு சொல்லித் துவக்கு வாங்க ஏலாது. களிமண் தட்டு, வேட்டை இதுகளுக்குத்தான். வைக்கிறதும் வெறுமையாக்கி, பூட்டுப் போட்டு, தோட்டாவைக் கைக்கெட்டாமல் வைக்க வேணும், அல்லது ரெண்டையும் பூட்டிய பெட்டிக்குள்ள. அதால உங்கட சட்டத்துக்குள்ள நான் வரேல்ல. ஆனால் பேப்பரில சுட்டுப் பாக்கிற விசயம் எல்லா இடத்திலும் ஒண்டுதான், அதைச் சொல்லலாம்.

ஒரே நம்பர், ஒரே எண்ணிக்கை, ரெண்டு கம்பனி எண்டால் உங்கட குழலில ரெண்டும் வேற வேற மாதிரித்தான் விரியும். பெட்டியைப் பாத்துச் சொல்ல ஏலாது. சுட்டுத்தான் பாக்க வேணும். செய்யிற விதம்:

முதலில ரேஞ்சுக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்கோ. கனக்க உள்ரேஞ்சுகளில பக்‌ஷாட்டுக்கு இடமில்லை, ஸ்லக் (ஒற்றைக் குண்டு) மட்டும் விடுவினம். பேப்பர் மூண்டடிக்கு மூண்டடி வேணும், பிரிச்ச காட்போட் பெட்டியும் காணும். நடுவில ரெண்டங்குல ஸ்டிக்கர். தூரம் 3, 7, 10, 15 யார் (ஒரு யார் மூண்டடி). உங்கட 34 அடி எண்டால் 11 யாருக்குக் கொஞ்சம் கூட, அதால 12 யாரிலயும் ஒண்டு வையுங்கோ. ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு பெட்டியிலயும் மூண்டு வெடி, வெடிக்கு ஒரு புதுப் பேப்பர். ஒரே பேப்பரில மூண்டையும் போட்டால் எந்த ஓட்டை எந்த வெடியெண்டு தெரியாது. பேப்பரிலயே பென்சிலால தூரம், பெட்டி, வெடி நம்பர் எழுதிப் போடுங்கோ. பிறகு எண்டு விட்டால் மறந்து போகும்.

எண்ணேக்க இருபது ஓட்டை வர வேணும். பத்தொன்பதெண்டால் ரெண்டு ஒரே ஓட்டைக்குள்ளால போயிருக்கலாம், அல்லது ஒண்டு பேப்பருக்கு வெளியில. அந்த வெளியில போனதுதான் கவலை. ஆகத் தள்ளியுள்ள ரெண்டு ஓட்டைக்கிடையில மட்டம் வைச்சு அளவுங்கோ, மையத்திலிருந்து மையம். பிறகு ஓட்டைக் கூட்டத்தின்ர நடு ஸ்டிக்கருக்கு மேலயா, பக்கத்திலயா எண்டும் பாருங்கோ. ஒற்றை மணிக் குறி உள்ள துவக்கு கொஞ்சம் மேல சுடுறது புதுமையில்லை.

மூண்டு யாரில எல்லாம் ஒரே கந்தல் ஓட்டையாத்தான் வரும், வாட்டும் அதுக்குள்ளால போயிருக்கும். அதைப் பாத்து "என்ன இறுக்கம்" எண்டு சந்தோசப்பட வேண்டாம். பத்து யாருக்குப் பிறகுதான் பெட்டிகள் தங்கட குணத்தைக் காட்டும்.

மெஸ்கீட்மரம்

ரொம்ப நன்றி. எவ்வளவு விரிவு வரை ஏத்துக்கலாம்? ஒரு யார் தூரத்துக்கு ஒரு அங்குலம்னு சொல்றாங்களே?

துவக்கு_ஸ்காபரோ

அது வாய்க்கணக்கு. நல்ல தோட்டா அதில பாதியாவும் வரும், கூடாதது ஒண்டரை மடங்காவும் வரும். ஒரு 9 அங்குலப் பேப்பர் தட்டை எடுங்கோ. எந்தத் தூரம் வரை இருபதும் அந்தத் தட்டுக்குள்ள நிக்குதோ, அதுதான் அந்தப் பெட்டியின்ர எல்லை. உங்கட 12 யாரில நிக்காட்டில் வேற பெட்டி பாருங்கோ.

ஈயக்கணக்கு

பெட்டியில் எதைத் தேட வேண்டும் என்பதைச் சேர்க்கிறேன். உருண்டைகளுக்கு இடையே வெள்ளைப் பிளாஸ்டிக் தூள் நிரப்பியிருந்தால் நல்லது. வெடிக்கும் கணத்தில் பின் அடுக்கு முன் அடுக்கின் மேல் மோதி நசுங்காமல் அது மெத்தையாகத் தாங்கும். கடின ஈயம் அல்லது செம்பு பூசிய உருண்டை என்றால் இன்னும் நல்லது. மலிவான மென்ஈயம், தூள் இல்லை, கிண்ணமும் இல்லை என்றால் 10 யாரில் ஒன்றிரண்டு உருண்டை ஒரு கை அகலம் தள்ளி விழுவதைப் பார்க்கலாம்.

12 கேஜில் இறுக்கமாக வைத்திருப்பதற்குப் பேர் வாங்கியது ஃபெடரலின் ஃபிளைட்கன்ட்ரோல் வாட். பக்கவாட்டில் திறக்கும் துடுப்பும் பின்பக்கம் விரியும் வாலும் இருப்பதால் அது கிண்ணத்தை மெதுவாக உரிக்கிறது. 12-இன் பெயரைக் கேட்டுவிட்டு அதே கம்பெனியின் 20 பெட்டியிலும் அது இருக்கும் என்று எடுத்துவிடாதீர்கள். பெட்டியில் அந்தப் பெயர் அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

ஒருவரிக்காரன்

சோக் மாத்தற குழல் வாங்கலாமா?

தோட்டாப்பெட்டி

வாங்கலாம், வேண்டியதில்ல. இருந்தா சிலிண்டர்ல இல்லேன்னா இம்ப்ரூவ்டு சிலிண்டர்ல (கொஞ்சமா குறுகினது) ஆரம்பிங்க, விரிவு அதிகம்னா மாடிஃபைடு (இன்னும் குறுகினது) போட்டு அதே பேப்பர் வேலை. ஃபுல் சோக்ல பக்‌ஷாட் வேண்டாம், உருண்டைங்க வாயில நெருக்கிட்டு நசுங்கி, பல நேரம் விரிவு கூடத்தான் செய்யும். சோக் கழட்டி வச்சுட்டு வெறும் மரையோட சுடாதீங்க, மரை போயிடும்.

இதை விட முக்கியமானது ஒண்ணு. 20 கேஜ் பம்ப் நிறைய பேர் மான் வேட்டை செட்டா வாங்கறாங்க, அதுல ஒரு குழல் உள்ளே வரிவெட்டு உள்ள ஸ்லக் குழல். அதுல பக்‌ஷாட் போட்டா வரிவெட்டு மொத்தக் கட்டியையும் சுழற்றி விட்டுடும். வெளிய வந்த உடனே உருண்டைங்க சுத்தி வளையமா பறக்கும். பத்து யார் பேப்பர்ல நடுவுல ஒண்ணும் இல்லாம உளுந்து வடை மாதிரி ஓட்டை வளையம். குழல் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, பளபளன்னு வழவழப்பா இருந்தா சரி, முறுக்குக் கோடு தெரிஞ்சா அந்தக் குழல் இந்த வேலைக்கு இல்ல.

பம்ப்புராணம்

மெஸ்கீட்மரம், உங்க துப்பாக்கி வேட்டை மாடலா, பாதுகாப்பு மாடலா? வேட்டை மாடல்னா மேகசின் (தோட்டா அடுக்கற) குழாய்க்குள்ள மரக்குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ ஒண்ணு செருகித் தருவாங்க. வலசைப் பறவை வேட்டைக்கு மொத்தம் மூணு தோட்டாதான்னு ஃபெடரல் விதி, அதுக்காக. அதை எடுக்காம விட்டா ரெண்டு போட்டதும் நிரம்பிடும், "துப்பாக்கி ரிப்பேர்"னு கடைக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. மேகசின் முன்மூடியைக் கழட்டினா வெளிய வரும், ஸ்பிரிங் பாய்ஞ்சு வரும், கட்டைவிரலால அமுக்கிட்டே எடுங்க.

2¾ தோட்டாவுக்கு இன்னொரு லாபம், அதே குழாய்ல 3 அங்குலத்தை விடப் பல மாடல்ல ஒண்ணு கூடப் போகும். அந்த 2¾, 3 எல்லாம் சுட்ட பிறகு வாய் விரிஞ்ச நிலையில அளந்த நீளம். மடிச்சு வச்சிருக்கறப்போ தோட்டா குட்டையாதான் இருக்கும். அதனாலதான் 3 அங்குலத் தோட்டா பழைய 2¾ சேம்பருக்குள்ள (குழல் பின்பக்கத்துல தோட்டா உட்கார்ற இடம்) நுழைஞ்சிடும். நுழையுதேன்னு சுடக்கூடாது. சுடறப்போ மடிப்பு விரிய இடமில்லாம குழல் குறுகற இடத்துல நெருக்கும், அழுத்தம் எகிறும். உங்க குழல்ல 3 பொறிச்சிருக்கு, கவலை இல்ல. தாத்தா காலத்துத் துப்பாக்கி வச்சிருக்கறவங்க குழலைப் படிச்சுட்டு வாங்குங்க.

ஈயக்கணக்கு

நீளத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறு. வீட்டில் 12-உம் 20-உம் இரண்டும் இருந்தால் தோட்டாவைக் கலக்காதீர்கள். 20 தோட்டாவை 12-க்குள் விட்டால் அது பின்பக்கம் நிற்காமல் நழுவி, சேம்பருக்கு முன்னால் குழல் குறுகும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். சேம்பர் காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 தோட்டா போட்டுச் சுட்டால் குழல் கைக்கு அருகிலேயே பிளக்கும். இதற்காகவே அமெரிக்கத் தொழில் தரத்தில் மஞ்சள் கூடு 20 கேஜுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. 12 உள்ள வீட்டில் மஞ்சள் தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனி அலமாரி, சட்டைப் பையில் ஒருபோதும் இரண்டும் சேர்ந்து இல்லை.

ஒருவரிக்காரன்

வீட்ல 410 ஒண்ணு சும்மா கிடக்கு, அது?

தோட்டாப்பெட்டி

410 கேஜ் எண் இல்ல, அது குழல் விட்டம். 000 உருண்டை 0.36, குழல் 0.410, அதனால ஒண்ணு மேல ஒண்ணா ரயில்பெட்டி மாதிரி நிக்கும்: 2½ அங்குலத்துல மூணோ நாலோ, 3 அங்குலத்துல அஞ்சு. உருண்டை கனம்கிறதால ஆழம் பிரச்சினை இல்ல, எண்ணிக்கைதான். நீளக்குழல் துப்பாக்கின்னா 000 மட்டும் போடுங்க. தட்டும் சின்ன ரவையும் கலந்து விக்கிற விசித்திரத் தோட்டாக்கள் வேடிக்கைக்கு.

மெஸ்கீட்மரம்

நம்பர் 3, 2¾, ரெண்டு மூணு கம்பெனி பெட்டி வாங்கிப் பேப்பர்ல பார்க்கறேன். முடிவான பிறகு எத்தனை தோட்டா சுட்டா நம்பலாம்? பெட்டிக்கு அஞ்சுதான் இருக்கு, விலையும் கூட.

தோட்டாப்பெட்டி

பம்புக்கு 25 போதும், அதுல ஒண்ணு கூட மாட்டக்கூடாது. செமி-ஆட்டோன்னா இன்னும் கூட, முழு மேகசின் போட்டு ஆரம்பிச்சு. இனர்ஷியா வகையில (உதையை வச்சே இயங்கற செமி-ஆட்டோ) டார்ச், தோட்டாப் பட்டைன்னு எடையை ஏத்தினா உதை குறைஞ்சு இயங்கவும் மறுக்கும், அதனால எல்லாத்தையும் மாட்டின பிறகு சோதிங்க.

பயிற்சிக்கு பக்‌ஷாட்டை வீணாக்காதீங்க. மலிவான பறவை ரவையில கையை ஓட்டுங்க, கடைசி அஞ்சு மட்டும் பக்‌ஷாட். பம்ப்ல வர்ற கோளாறுல பாதிக்கு மேல துப்பாக்கி இல்ல, கை: பாதி இழுத்து திருப்பித் தள்றது. பழைய கூடு வெளிய போகாது, புதுசு கீழ மாட்டிக்கும். 20 கேஜ் டம்மி தோட்டா ரெண்டு மூணு வாங்கி, வீட்ல கடைசி வரை இழுத்து முட்ட வச்சு, அப்புறம் தள்ளிப் பழகுங்க. டம்மியைக் கையில எடுக்கறப்போ நிஜத் தோட்டா அந்த அறையிலயே இருக்கக்கூடாது.

நடுவாந்திரம் (நெறியாளர்)

இந்த இழையைப் படிக்கும் பலர் விசாவில் இருப்பவர்கள் என்பதால் குறுக்கிடுகிறேன். எச்-1பி, எச்-4, எஃப்-1, பி-2 போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்கும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஊரிலிருந்து பி-2வில் வந்திருக்கும் அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்க் கையில் கொடுப்பதும் இதற்குள் வரும்.

டெக்சாஸில் இன்னொன்று: சுடத் தயாராக உள்ள துப்பாக்கியை 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எடுக்கும்படி அலட்சியமாக வைத்தால் அது குற்றம். மற்ற மாநிலங்களின் விதி வேறு. குழலை 18 அங்குலத்துக்குக் கீழே வெட்டும் யோசனை யாருக்காவது வந்தால், இந்த இழையில் அதைப் பேச வேண்டாம்.

மெஸ்கீட்மரம்

குடியுரிமை உண்டு, அந்தச் சிக்கல் இல்ல. வீட்டுல ஒன்பது வயசுப் பையன் இருக்கான். எப்படி வைக்கணும்?

பம்ப்புராணம்

பூட்டுப் பெட்டி, பொத்தான் அழுத்தித் திறக்கற வகை. பேட்டரி தீர்ந்தா திறக்க சாவி இருக்கற மாதிரிப் பாருங்க, அந்தச் சாவி பையனுக்குத் தெரியாத இடத்துல. சேம்பர் காலி, மேகசின்ல தோட்டா, பெட்டிக்குள்ள. சேம்பர்ல தோட்டா வச்சு வைக்கவே வேண்டாம். பெரும்பாலான ஷாட்கன்ல சேஃப்டி விசையைத்தான் பூட்டும், தோட்டாவை அடிக்கற ஊசியைப் பூட்டாது. கீழ விழுந்தா வெடிக்க வாய்ப்பிருக்கு.

பெட்டிக்குள்ளயே ஒரு டார்ச்சும் ஒரு காதுமூடியும். அறைக்குள்ள 18.5 அங்குலக் குழல் சத்தம் 150 டெசிபலுக்கு மேல, ஒரே வெடியில காது நிரந்தரமா கெடலாம். யாருன்னு முகம் தெரியாம சுடறது இல்ல, அதுக்குத்தான் டார்ச்.

மெஸ்கீட்மரம்

கடைசிக் கேள்வி. மேகசின்ல போட்ட தோட்டா எத்தனை நாள் அப்படியே இருக்கலாம்?

ஈயக்கணக்கு

மருந்து கெடாது, கூடுதான் பிரச்சினை. பிளாஸ்டிக் கூடு ஸ்பிரிங் அழுத்தத்தில் மாதக்கணக்காகப் படுத்தால் மெல்ல வீங்கும், வெயிலில் நிற்கும் காருக்குள் என்றால் சீக்கிரமே. வீங்கிய தோட்டா மேகசினிலிருந்து வெளியே வரும், சேம்பருக்குள் முழுதாக நுழையாது. பம்ப் முக்கால் வழியில் நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்து, குழலைக் கழற்றி, ஒவ்வொரு தோட்டாவையும் குழலின் பின்பக்கம் விட்டுப் பாருங்கள். தன் எடையில் "டக்" என்று இறங்கி, கவிழ்த்ததும் தானே விழ வேண்டும். விரலால் தள்ள வேண்டியிருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள், மடிப்பு நடுவே பள்ளம் விழுந்திருந்தாலும் அப்படியே. தனியே எடுத்ததை அடுத்த முறை ரேஞ்சில் ஒவ்வொன்றாகச் சேம்பரில் போட்டுப் பாருங்கள். முழுதாக நுழைந்து பூட்டினால் சுட்டுத் தீருங்கள், இல்லையென்றால் வலுக்கட்டாயம் செய்யாமல் ரேஞ்சில் ஒப்படைத்துவிடுங்கள். மேகசினுக்குப் பெட்டியிலிருந்து புதியது.